பூஜை தாங்காத என்சைம்

உலக உயிர்வேதியியலில் திருவண்ணாமலைக்கு நிலையான இடம் கிடைத்தது 1994 ஆயுத பூஜையன்று. 1993 ஆகவும் இருக்கலாம். என் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை.

எங்கள் கல்லூரி ஆராய்ச்சி மாணவி ரேணுகாம்பாள், அடி அண்ணாமலை கரும்புக் கொல்லை மண்ணில் ஒரு பாக்டீரியாவைப் பிடித்தாள். அதன் என்சைம் குளுக்கோஸை ஃப்ரக்டோஸாக மாற்றியது. அதன் வடிவத்தை அறியப் படிகம் தேவை. மூன்று வருடத்தில், ஆய்வக ஃப்ரிட்ஜின் குளிரில், கடுகளவு படிகங்கள் நான்கு வளர்ந்தன; குளிர் போனால் கரைந்துவிடும். பூஜைக்கு மறுவாரம் அவை எக்ஸ்ரேக்காகப் பெங்களூர் போகவேண்டும். டிசம்பரில் அவள் உதவித்தொகை முடிகிறது.

துறைத் தலைவர் தசரதன் பக்திமான். தராசு முதல் மைக்ராஸ்கோப் வரை தாமே பொட்டு வைத்தார்.

"ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுதுங்க சார். அந்தப் பொண்ணு அணைக்காதீங்கன்னு சொல்லிட்டு ஊருக்குப் போச்சு" என்றார் அட்டெண்டர் சுப்பன்.

"அது என்னாய்யா, அதுக்கு மட்டும் பூஜை கிடையாதா? வருஷம் பூரா ஓடுது, ஒரு நாள் ரெஸ்ட் குடு."

அதே துறை விரிவுரையாளனான நானும் அங்கே நின்றிருந்தேன். மௌனம் எனக்குப் பிடித்த விஷயம்.

விஜயதசமி முடிந்து ரேணுகாம்பாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தாள். "சார், ஒண்ணுமே இல்ல சார். எல்லாம் கரைஞ்சிப்போச்சு."

"சர்க்கரை சமாச்சாரம்னா கரையத்தாம்மா செய்யும்" என்றார் தசரதன்.

"சர்க்கரை இல்ல சார், என்சைம்!"

"ஒரு நாள் பூஜையே தாங்கல, பெங்களூர் பஸ்ஸு தாங்குமா?"

இந்த ஆழமான கேள்வியை ஆராய மூவர் குழு அமைந்தது. நானும் உறுப்பினன். அந்த என்சைம் சர்க்கரையில் ஓர் அணுவைக்கூடக் கூட்டாது, குறைக்காது. உள்ளே இருப்பதை இடம் மாற்றிவைக்கும், அவ்வளவுதான். நாங்களும் அதே நேர்மையோடு உழைத்தோம். 'பண்டிகைக் காலத்துக்கு ஏற்ற என்சைமைத் தேர்வு செய்யாதது மாணவியின் கவனக்குறைவு' என்று முடிவானது.

அறிக்கையை நின்றபடியே படித்தாள். "அன்னிக்கு நீங்களும் அங்கதானே சார் இருந்தீங்க?"

நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன்.

தசரதன் முதல்வராகி ஓய்வு பெற்றார். சுப்பனை விடுதிச் சமையலறைக்கு மாற்றினார்கள், அதிகம் பேசுகிறாராம். ரேணுகாம்பாள் முனைவர் ஆகவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். நான் துறைத் தலைவரானேன். எவருக்கும் என் மேல் ஒரு புகாரும் இல்லை.