பஃபலோ தோற்றது யாரால்?

இந்த முறை மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றியே தீருவது என்று லெஸ்டர் குஜாவா முடிவு செய்துவிட்டார். நிரந்தரமாக அல்ல. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பஃபலோ நகரத்தின் மானமே அதில்தான் இருந்தது.

வரிசையாக மூன்று வருஷம் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிக்குப் போய், மூன்று முறையும் தோற்றுத் திரும்பிய அணி சரித்திரத்திலேயே பஃபலோ ஒன்றுதான். இப்போது நான்காவது. எதிரே, போன வருஷம் அடித்துத் துவைத்த அதே டல்லாஸ். பயிற்சியாளர் சரியில்லையா, ஆட்டக்காரர்கள் சரியில்லையா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, லெஸ்டரின் சந்தேகம் மட்டும் சமையலறைப் பக்கமே போனது.

ஆதாரம் இல்லாமல் சந்தேகப்படுகிறவரா அவர்? முதல் வருஷம், கடைசி எட்டு நொடி. டெல்ஃபின் கோழி இறக்கைத் தட்டோடு உள்ளே வந்தாள். நம் ஆள் உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கமாகப் போனது. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. இரண்டாம் வருஷம் அவள் சோபாவில் உட்கார்ந்ததுதான் தாமதம், நம் ஓட்டக்காரர் தலைக்கவசத்தைக் காணோம் என்று தேட ஆரம்பித்தார். மூன்றாம் வருஷம் "யாரு ஜெயிக்கிறாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஐம்பத்திரண்டுக்குப் பதினேழு!

"டெல், உன் தங்கச்சியைப் பார்த்து எத்தனை நாளாச்சு! ஞாயித்துக்கிழமை ராச்செஸ்டர் போயிட்டு வாயேன்."

டெல்ஃபின் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் தங்கையின் பேரை அவர் தானாகச் சொன்னதே இல்லை.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"எதை உடைச்சே?"

"எதையும் உடைக்கல!"

"அப்போ மேட்ச். நான் ராசியில்லாதவ. அதானே?"

லெஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"சரி. அன்னிக்கு மேட்ச் பார்க்கத் தெருக்காரங்க எல்லாரும் இங்க வருவாங்கல்ல? அவங்ககிட்ட கேளு. போன்னு சொன்னா போறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. லெஸ்டர் சந்தேகப்பட்டார். ஆனால் தப்பான இடத்தில் பட்டார்: கோபத்தில் கோழியில் உப்பைக் கூட்டிவிடுவாளோ என்று மூன்று நாள் கவலைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு நார்பர்ட் தலைமையில் தெருக்காரர்கள் ஆறு பேர் பீர் பாட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். லெஸ்டர் எழுந்து நின்று மூன்று தோல்விகளையும் தேதிவாரியாக எடுத்து வைத்தார். கூட்டம் உச்சுக் கொட்டியது.

டெல்ஃபின் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நார்ப், போன ஜனவரில ஹூஸ்டன் மேட்சுக்கு இவர் நேர்லயே போனாரே, ஞாபகம் இருக்கா?"

பஃபலோவில் அந்த ஆட்டம் தெரியாத கைக்குழந்தைகூடக் கிடையாது.

"இவர் ஸ்டேடியத்துல உட்கார்ந்திருந்த வரைக்கும் நாம எவ்வளவு பின்னாடி?"

"முப்பத்திரண்டு," என்றார் நார்பர்ட், லெஸ்டரை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி.

"உருப்படாத பசங்கன்னு திட்டிட்டு எழுந்து வந்துட்டார். வீட்டு வாசல்ல பூட்ஸைக் கழட்டுறார், அப்போ?"

"ஜெயிச்சாச்சு!" என்றது கூட்டம்.

"அவ்வளவு பின்னாடியிருந்து வந்து அதுவரைக்கும் யாருமே ஜெயிச்சதில்ல. இவர் முதுகைக் காட்டினாரு, ஜெயிச்சாங்க. மூணு ஃபைனல்லயும் நான் வந்தேன், போனேன். அசையாம உட்கார்ந்து முழுசா பார்த்தது யாரு?"

நார்பர்ட் டாக்டர் மாதிரி லெஸ்டரின் தோளில் கை வைத்தார்.

"டேய் லெஸ்டர், கார் ஷெட்ல கொஞ்ச நேரம் இருடா. ஊருக்காக."

"வண்டிச் சாவியைக் குடுத்துட்டுப் போ," என்றாள் டெல்ஃபின். "உள்ள உட்கார்ந்து ரேடியோ போடுவே."

ஷெட்டில் குளிர் எலும்பைக் கடித்தது. வேறு வேலை இல்லாமல் லெஸ்டர் வாசல் பனியை ஒருமுறை அள்ளினார், மறுபடியும் அள்ளினார். இடைவேளையில் நார்பர்ட் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பதிமூணு, ஆறு! நாமதான் முன்னாடி! அசையாதே, அப்படியே இரு!"

ஆக, உண்மைதான். மூன்று வருஷமாக அப்பாவி மனைவியைச் சந்தேகப்பட்டிருக்கிறார். லெஸ்டருக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறுப்பானேன்? ஊரின் வெற்றியே இப்போது அவர் கையில். ஆனால் வாழ்நாளில் காணாத வெற்றியைக் காணாமலே இருப்பதா? ஒரு நொடி. ஒரே ஒரு நொடி பார்த்தால் என்ன?

பனியில் புதைந்து புதைந்து போய் ஹால் ஜன்னலில் மூக்கை வைத்தார். அந்த நொடியில் நம் ஓட்டக்காரர் கையிலிருந்து பந்து நழுவியது. டல்லாஸ்காரன் ஒருத்தன் அதைப் பொறுக்கிக்கொண்டு எல்லைவரை ஓடிவிட்டான். லெஸ்டர் சட்டென்று குனிந்தார். அதற்குள், அவருடைய நாற்காலியில் சாய்ந்திருந்த டெல்ஃபின் அவரைப் பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம் பஃபலோவுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. முப்பதுக்குப் பதிமூன்று.

எல்லோரும் துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோல் கிளம்பிய பிறகு, லெஸ்டர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னாலதான் டெல். நான்தான் கெடுத்துட்டேன்."

"பைத்தியமா உனக்கு? நீ இங்க ஜன்னல்ல எட்டிப் பார்த்தா, மேட்ச் நடக்கிற அட்லாண்டால பந்து விழுமா?"

"அப்போ நீ சொன்னதெல்லாம்?"

"மூணு வருஷமா உன் கத்தல்ல எனக்கு ஒரு வார்த்தை காதுல விழல. ஒரு மேட்சாவது நிம்மதியா பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். பார்த்தேன்."

லெஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ அடுத்த வருஷம் நான் ஹால்லயே உட்காரலாம்ல?"

"எனக்கென்ன, தாராளமா உட்காரு," என்றாள் டெல்ஃபின். "நார்ப்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. ஜன்னல் விஷயத்தை இப்பதான் அவர்கிட்ட சொல்லி அனுப்பினேன்."