கீழ் லயத்துல பாத்தியா?

ஊவா மாகாணத்திலேயே கம்ப்யூட்டரைப் பெரட்டுக்கு நிறுத்தி வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ‘கீழ்லயம்’தான். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அதே பெரட்டு. பதுளையில் மருந்துக்கடை மாடியில் இருக்கிறது ஆறு பேர் வேலை செய்யும் எங்கள் மென்பொருள் அலுவலகம். அங்கே தினமும் எட்டு மணிக்குத் திரைமுன் நின்று சர்வர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஏதாவது ஒன்று பதில் சொல்லத் தாமதித்தால், “என்னா, கொழுந்து எடுக்க மனசில்லையா?” என்று அதட்டுவார். பயந்தோ என்னவோ, அதுவும் எழுந்துவிடும்.

எந்தக் கோளாறுக்கும் அவருடைய முதல் கேள்வி, “கீழ் லயத்துல பாத்தியா?” என்பதுதான். எங்கள் தொழிலில் கோப்புகளை அடுக்கடுக்காக வைப்போம். அந்த அடுக்கான ‘லேயர்’ அவர் வாயில் ‘லயம்’ ஆகிவிட்டது. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம்; அதில் ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. அதுவே அவருக்குப் பெயருமானது.

நான் அங்கே மேலாளர். கொழும்பு வாடிக்கையாளர்களோடு பேச உட்கார்ந்தால் முதல் வேலையாக, பக்கத்து அறையிலிருந்து அழைப்பில் சேரும் அவரை மியூட் செய்துவிடுவேன். மானம் போய்விடக் கூடாதே! எந்த ஊர் என்று கேட்டால் ‘பதுளை டவுன்’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஆசாமி நான்.

தோட்டத்து மருத்துவ நிலையங்களுக்கு ஒரு செயலி செய்தபோது வந்தது வினை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர்: வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, நம் ஜனங்கள் வைத்தது ஒன்று. போல்டர்களுக்கு இங்கிலீஷ் பெயரை வைத்துவிட்டோம்; செயலியிலும் அதுவே தெரிந்தது. வந்த தாய்மார்களுக்குத் தங்கள் தோட்டம் எதுவென்றே தெரியவில்லை. நண்பகலுக்குள் பெயர்களை மாற்றாவிட்டால் வேலை கொழும்புக் கம்பெனிக்குப் போகும் என்றார்கள் வாடிக்கையாளர்கள். போனால் எங்கள் மாடிக்குப் பூட்டுதான்.

மாற்றப் போனால், ‘அது வேறு டிஸ்க், நகர்த்த முடியாது’ என்று கம்ப்யூட்டர் ஒற்றைக்காலில் நின்றது. கண்ணெதிரே இருப்பதோ ஒரே போல்டர்! வீடியோ அழைப்பில் வாடிக்கையாளர் தரப்புக் கொழும்புப் பொறியாளர், ஒரு கெட்டிக்காரப் பெண், என்னென்னவோ கட்டளை போட்டுப் பார்த்தார். மணி பதினொன்றரை. மியூட்டில் இருந்த கீழ்லயம் ஊமைப்படம் போலக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் திறந்துவிட்டேன்.

“மிஸ், அது கீழ் லயத்து வீடு. தொரைக்குச் சொந்தம். நாம குடியிருக்கலாம், பேரை மாத்த முடியாது. மேல் லயத்துல புதுப் பேருல ஒரு வீடு போடுங்க. சாமானெல்லாம் அங்க தூக்கி வைங்க. பழைய வாசல்ல ‘ஆள் இல்ல’ன்னு ஒரு பலகைய மாட்டிருங்க.”

அந்தப் பெண் யோசித்தார். “மேலே காப்பி பண்ணிட்டு பழசை அழிக்கணும். கீழே இருக்கிறது அழியாது, மறைஞ்சுடும்... அப்படித்தானே?”

“அதேதாங்க!”

பத்தே நிமிடத்தில் எல்லாத் தோட்டமும் தமிழ்ப் பெயரில் வரிசையாக வந்து நின்றது. கீழ்லயம் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்தார். என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன்?

“இதெல்லாம் எங்க படிச்சீங்க?” என்று அந்தப் பெண் வியந்து கேட்டார்.

“லுணுகலைப் பக்கம் மிஸ். கீழ் லயம், நாலாம் காம்பரா.”

என் மைக்கும் திறந்துதான் இருந்தது.

“நான் அஞ்சாம் காம்பரா, மிஸ்,” என்றேன். “எங்க ரெண்டு பேருக்கும் ஒரே செவருங்க.”