பதினேழாம் பக்கத்தில் நிற்பவள் என் பேத்தி

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் வார இதழின் பதினேழாம் பக்கத்தில் குடத்தோடு நிற்கிற பெண்ணின் அப்பாவைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தைக் கடிதத்தின் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் விசாரிக்க மனம் வரவில்லை.

படத்துக்கு அடியில் ‘சிரிப்பை மறந்த சிறுமி’ என்று போட்டிருக்கிறீர்கள். யார், அவளா? வகுப்பில் சிரித்ததற்காகவே வாரம் ஒருமுறை வெளியே நிற்கிறவள் ஐயா அவள்! எங்கள் தெருவில் அவளுக்கு ரயில் என்று பெயர். விடிந்ததும் நாலு குடம் தண்ணீர் பிடித்து, தம்பிக்குத் தலை வாரி, சட்டைக் கம்பெனிக்குப் போகிற அம்மாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, மணி அடிக்கும்போது பள்ளிக்கூட வாசலில் நிற்கவேண்டும் என்றால் ஓடாமல் முடியுமா? ஓடி ஓடியே பள்ளியின் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். வருகிற சனிக்கிழமை பதினாறு பள்ளிக்கூடங்கள் கலந்துகொள்கிற பந்தயம்.

உங்கள் படக்காரர் வந்த அன்று நடந்ததை எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். ரெட்டைப் பின்னலில் ஒன்றை அவிழ்க்கச் சொன்னாராம். போன மாதம் வாங்கிய மஞ்சள் வார் செருப்பைக் கழற்றச் சொன்னாராம். “சிரிக்காதம்மா” என்றாராம். அதைச் சொல்ல எனக்கே துணிச்சல் கிடையாது.

இதழ் வந்ததும் ஆரம்பித்தது கூத்து. இஸ்திரிக்காரர் ஒரு மூட்டை பழந்துணியோடு வந்து, “உங்க கஷ்டம் தெரியாமப் போச்சேம்மா” என்று கண்ணைத் துடைக்கிறார். பிரித்துப் பார்த்தால் மேலே இருப்பது போன வருஷம் நாங்கள் அவருக்குக் கொடுத்த நீலச் சட்டை! “குடுக்கும்போது ரெண்டு பட்டன் கூட இருந்துச்சே, அது எங்கப்பா?” என்று கேட்டு அனுப்பினேன்.

என் மகன் பஸ் ஓட்டுகிறான். ஒரு பயணி அவனிடமே படத்தைக் காட்டி, “இவ அப்பன் குடிகாரனாத்தான் இருப்பான்” என்றாராம். டீயைத் தவிர எதையும் குடிக்காதவன் வீட்டுக்கு வந்து குதித்தான். “ஊர் பாத்தது போதும். இனிமே ஓட்டமும் கிடையாது, பந்தயமும் கிடையாது.”

“நீ பஸ்ஸை இடிச்சா, பின் சீட்டுல உக்காந்திருக்கறவளையாடா போலீஸ் புடிக்கும்?” என்றேன்.

“உனக்கு ஒண்ணும் புரியாதும்மா.”

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது என் அப்பாவும் இதைத்தான் சொன்னார் ஐயா. அப்போது பத்து வயசு, வாயை மூடிக்கொண்டேன். இப்போது அறுபத்தெட்டு. இது வாயை மூடுகிற வயசா?

ஆகவே, பின்னல், செருப்பு, சிரிப்பு மூன்றும் உள்ள படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் அதே பக்கத்தில், அதே அளவில், ‘ஓட்டக்காரி’ என்று எழுதிப் போடவேண்டும். போட்டாலும் போடாவிட்டாலும் அவள் ஓடுவாள். போட்டால் அவள் அப்பனும் வந்து பார்ப்பான், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் பல் தெரியச் சிரித்து நூறாண்டு வாழட்டும். நீங்கள் நலமா?

இப்படிக்கு,
ரயிலின் பாட்டி

பின்குறிப்பு: பிழை திருத்த ரயிலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “பாட்டி, நான் சும்மாவா நின்னேன்? சோகமா நிக்கணும்னா நாலு குடத்தையும் நீங்கதான் வீடு வரைக்கும் தூக்கணும்னு படக்காரர்கிட்ட சொல்லிட்டேன். மூணாவதைக் கொட்டிட்டாரு. திரும்பப் பிடிக்க அனுப்பினேன்” என்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த என் மகன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. பந்தயத்துக்குச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். நான் வைத்த படமும் வேண்டாம். குடத்தோடு அவர் நிற்பதை அவர் கேமராவிலேயே இவள் ஒன்று எடுத்திருக்கிறாளாம். பதினேழாம் பக்கத்தில் அதைப் போடுங்கள். கீழே ‘சிரிப்பை மறந்த படக்காரர்’ என்று எழுதினால் போதும்.