ஆடாத சக்கரமும் திரும்பாத வண்டியும்

அன்புள்ள மைத்துனர், பல் மருத்துவர் அவர்களுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் வலது தோள் நீங்கலாக. அங்கு நீயும், உன்னிடம் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கோல்ஃப் பையைத் தோளில் சுமக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் நான் உனக்குத்தான் எழுதிக் கேட்டேன். நீயும் பெரிய மனிதனாக, "முன் சக்கரம் சுழலும் தள்ளுவண்டி வாங்குங்க அத்தான், ஒரு விரல் போதும், சொன்ன பக்கம் திரும்பும்" என்று பதில் போட்டாய். உன் அக்கா அதைப் படித்துவிட்டு, "சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா திரும்புற வண்டி வரணும். இல்லேன்னா மட்டையெல்லாம் பரண்மேல ஏறிடும், நீங்க என்கூட உக்காந்து துணி மடிப்பீங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையோ சம்பந்தியோடு ஆட்டம். பெண்ணைக் கொடுத்த இடம் என்று பார்த்துப் பார்த்தே அவரிடம் பதினோரு முறை தோற்றிருக்கிறேன். (பார்க்காமல் ஆடியிருந்தாலும் தோற்றிருப்பேன் என்று உன் அக்கா சொல்கிறாள், அதை விடு.) பன்னிரண்டாவது முறை ஜெயிக்காவிட்டால் என் மீசைக்கு அர்த்தமில்லை.

கடைக்குப் போனேன். முதல் வண்டிக்கு இரண்டே சக்கரம், பின்னால் இழுத்துக்கொண்டு போவது. நன்றாகத்தான் வளைந்தது, ஆனால் நாலடி இழுப்பதற்குள் தோள் 'அம்மா' என்றது. சரி என்று மூன்று சக்கர வண்டியைக் கேட்டேன். எடை ஏற்றிப் பார்க்க ஒரு பை கொண்டு வருவதற்காகக் கடைக்காரர் உள்ளே போனார். நான் சும்மா இருப்பேனா? பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் சக்கரம் பார்த்தவன். குனிந்து முன் சக்கரத்தைத் தொட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லொடலொடவென்று ஆடுகிறது. புது வண்டி, கடையை விட்டு இறங்கவில்லை, அதற்குள் ஆட்டம்! பக்கத்திலேயே ஒரு திருகு இருந்தது. நறுக்கென்று இறுக்கிவிட்டேன். கடைக்காரரிடம் சொல்லவில்லை, நல்ல காரியத்தைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது. பிறகு தள்ளினேன். நேராகப் போயிற்று. திருப்பினேன். மேலும் நேராகப் போயிற்று. கோபுரமாக அடுக்கி வைத்திருந்த பந்துப் பெட்டிகளைப் பார்த்த பிறகுதான் நின்றது. எண்ணூறு பந்து! கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கால் வைக்க இடமில்லாமல் கொக்கு மாதிரி நின்றார்கள்.

அடுத்தது நான்கு சக்கர வண்டி. அதில் முன்னால் இரண்டும் ஆடின. இரண்டையும் இறுக்கினேன். அது உடை மாற்றும் அறைக்குள் நேராக நுழைந்தது. உள்ளே ஒருவர் கால்சட்டையில் ஒற்றைக் காலோடு இருந்தார். கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, "போன வாரம் எண்பது வயசுப் பெரியவர் ஒருத்தர் இதே வண்டிய ஒத்தக் கையால சுத்திச் சுத்தி ஓட்டிப் பாத்தாரு சார்" என்றார். "அவருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். "நாலு நாள் வீட்டுல வெச்சு ஓட்டிப் பாருங்க சார்" என்று மூன்று சக்கர வண்டியைக் கையில் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனிதர்.

நேற்றுக் காலை சம்பந்தியோடு ஒத்திகை. முதல் குழிக்குப் போகும் வழி இடப்பக்கம் வளைகிறது, வண்டி வளையவில்லை. கைப்பிடியை அழுத்தி மூக்கைத் தூக்கித் திருப்பினால் மட்டைகள் என் கால்விரல் மேல் விழுகின்றன. எடுத்து அடுக்குவதற்குள் சரிவில் உருள ஆரம்பித்துவிட்டது. நான் கைப்பிடியை விடவில்லை, அதுவும் என்னை விடவில்லை. "சம்பந்தி, பந்து இந்தப் பக்கம்!" என்று அவர் கத்துகிறார். "எனக்குத் தெரியுது, வண்டிக்குத் தெரியலையே!" என்று நான் ஓடுகிறேன். குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம், நானும் வண்டியும். சம்பந்தி சிரித்த சிரிப்பில் ஒரு பட்டன் தெறித்துப் போயிற்று.

ஏனப்பா, உன்னைக் கேட்கிறேன். பல் ஆடினால் நல்லது என்று எந்தப் பல் மருத்துவனாவது சொல்வானா? சக்கரம் மட்டும் ஆடலாமா? நான் ஓய்வுபெற்று வந்த முதல் மாதம் வீட்டுக் குழாய்களையெல்லாம் இறுக்கிவிட்டதும், உன் அக்கா ஒரு வாரம் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். என்னை வெளியே அனுப்பத்தான் நீயே இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தாய். மறைப்பானேன், எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆயுசெல்லாம் பேருந்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனுக்கு நிமிர்ந்து நடப்பதே சந்தோஷம். ஆனால் கொடுத்து வைக்கவில்லை. நேற்றே மட்டைகளைத் துடைத்து, ஒரு மரப்பெட்டியில் வைத்து, பதினாறு திருகு போட்டு உன் பெயருக்குப் பார்சல் அனுப்பிவிட்டேன். அத்தானின் நினைவாக வைத்துக்கொள். நான் துணி மடிக்கப் போகிறேன்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் பல்லும் சொல்லும் உறுதியாக நூறாண்டு வாழ்க.

உன் அன்புள்ள,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா கூப்பிட்டாள். வண்டியைத் துடைக்கும்போது முன் சக்கரத்துத் திருகைப் பார்த்திருக்கிறாள். அதன் மேல் குட்டியாக ஒரு பூட்டுப் படம். "இத யாரு இறுக்கினது?" என்றாள். நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். அவள் கட்டைவிரலால் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஒரு விரலால் வண்டியைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, நாற்காலிகளுக்கு நடுவே புகுத்தி, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரு நாற்காலிகூட அசையவில்லை. பரண் தண்டனை ரத்து, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வண்டியை அவள்தான் தள்ளுவாளாம், திருகுப் பக்கம் என் கை போகக் கூடாதாம். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து, ஆசிகள் மட்டும் செல்லும். பார்சல் வந்ததும் மறுவண்டியிலேயே திருப்பி அனுப்பு, சனிக்கிழமைக்குள் மட்டைகள் என் கையில் இருக்க வேண்டும். ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று பெட்டியைத் திறக்கப் பார்க்காதே. உன்னால் முடியாது. பதினாறையும் இறுக்கியது நான்.