என் தோளில் இருக்கும் கை

தூத்துக்குடி,
சித்திரை மாதம், 1974,
செவ்வாய்க்கிழமை.

‘முத்துக்கரை’ வார இதழின் மாண்புமிக்க ஆசிரியர் வன்னியபெருமாள் அவர்களுக்கு, கச்சான் காற்றாலை ஒர்க்ஸ் பங்குதாரர் சொ. செந்தூர்பாண்டி கைகூப்பி எழுதிக்கொள்வது. தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் அச்சாபீசில் உள்ள அத்தனை பேருக்கும் செந்திலாண்டவன் ஒரு குறையும் வைக்காமல் காப்பானாக. இங்கே நானும் என் மனைவி தங்கத்தாயும் சுகம். காற்றும் சுகமாக அடிக்கிறது. மற்றபடி ஒன்றுமே சுகமில்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கக்கூடாது. கோபம்தான், ஆனாலும் மரியாதையோடு எழுதுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை இதழில், ‘எண்ணெய் குடிக்காத எந்திரம்: உப்பளத் தொழிலதிபருக்குச் சாதனை விருது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புக் கொடுத்து என் படத்தைப் போட்டிருந்தீர்கள். கழுத்தில் மாலை, மேலே பொன்னாடை, கையில் கேடயம், எல்லாம் சரி. என் இடது தோளைப் பாருங்கள். அங்கே ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டில் வாட்சு இருக்கிறது. முழங்கைக்கு அப்பால் ஆள் இல்லை. ஆள் இருக்கவேண்டிய இடத்தில் கூந்தல் தைல விளம்பரம் இருக்கிறது. ஐயா, அந்தக் கைக்கு உடம்பு உண்டு, பெயர் உண்டு, சாத்தான்குளத்தில் சொந்த வீடு உண்டு. அது என் கூட்டாளி ஜெபசீலன் கை. அதை வருகிற வெள்ளிக்கிழமை இதழிலேயே திருத்திப் போடவேண்டும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போட்டுப் புண்ணியமில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

ஜெபசீலன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். நான் ஸ்ரீவைகுண்டத்து வயலை அண்ணனிடம் விட்டுவிட்டு, இங்கே தோணிகளுக்குப் பாய்த்துணி விற்றுக்கொண்டிருந்தவன். தோணிக்காரர்கள் ஒவ்வொருவராக மெஷின் வைக்கத் தொடங்கியதும் என் பாய்த்துணியெல்லாம் குடோனில் எலிகளுக்கு மெத்தையாகக் கிடந்தது. ஒருநாள் அதைப் பார்த்த ஜெபசீலன், ‘ஏலே பாண்டி, கடல்ல போற பாயை நெலத்துல நட்டு வச்சா என்னல?’ என்றான். எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. ‘நடு, முளைச்சா சொல்லு’ என்றேன். உப்பளத்தில் டீசல் மெஷின் வைத்து உப்புத்தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அந்த இடத்தில் ஆறு பாய் கட்டிய காற்றாடியைக் கம்பத்தில் ஏற்றி, காற்றே தண்ணீர் இறைக்கும்படி செய்துவிட்டான். செய்தவன் அவன், ஊர் ஊராக அலைந்து விற்றவன் நான். முதல் காற்றாடியை ஆவுடையப்பன் அண்ணாச்சியின் உப்பளத்தில் நட்டோம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததோ என்னவோ, எங்கள் காற்றாடி பறந்துபோய் அடுத்தவர் உப்பு அம்பாரத்தில் தலைகீழாகக் குத்தி நின்றது. ‘என்ன வே, தண்ணி இறைக்கச் சொன்னா பட்டம் விடுதீரு?’ என்று அண்ணாச்சி என்னைப் பிடித்து ஏசு ஏசென்று ஏசினார். நான் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே ஜெபசீலன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு உப்பின்மேல் உட்கார்ந்துவிட்டான். காற்று மிஞ்சினால் பாய் தானாகவே சுருங்கிக்கொள்கிற மாதிரி அடுத்ததைச் செய்தான். அப்புறம் டீசல் விலை ஏறியது பாருங்கள், எங்களைக் கண்டு சிரித்தவர்களெல்லாம் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். இன்றைக்கு முத்தையாபுரம் தொடங்கி ஆறுமுகநேரி வரைக்கும் எங்கள் பாய்கள் சுற்றுகின்றன. எண்ணெய் கேட்காது, கரண்டு கேட்காது, தீபாவளிக்கு வேட்டி துண்டு கேட்காது. இதற்காகத்தான் கடற்கரைச் சிறுதொழில் மன்றத்தார் விருது கொடுத்தார்கள். ஆனால் அந்த மன்றத்தில் ஒரு வழக்கம்: ஒரு தொழிலுக்கு ஒரு கேடயம், ஒரு பொன்னாடை, ஒரு பெயர். அலைந்து விற்றவன் நான் என்பதால் அவர்களுக்குத் தெரிந்த பெயர் என் பெயராகப் போய்விட்டது.

விழாவில் நடந்ததைத் தங்கள் நிருபர் எழுதவில்லை. அவர் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தார். நான் சொல்கிறேன். மேடையில் சின்னக் காற்றாடி ஒன்றை நிறுத்தி, அடியில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்தோம். காலையில் வரவேற்புத் தட்டி காற்றில் விழுந்துவிட்டதென்று மன்றச் செயலாளர் மண்டபத்துக் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டார். கதவைச் சாத்தினால் காற்றாடி எப்படி ஐயா சுற்றும்? கல்லுப்பிள்ளையாராட்டம் நின்றது. உடனே செயலாளர் ஓடிப்போய், கல்யாணத்துக்கு வைக்கிற பெரிய மின்விசிறியைத் தூக்கிவந்து அதன் முன்னால் வைத்தார். அது சுற்றவும் இதுவும் சுற்றியது. மன்றத் தலைவர் மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ‘பாருங்கள் பெரியோர்களே, கரண்டே இல்லாமல் ஓடுகிறது!’ என்று முழங்கினார். முழங்கிய வாயை மூடவில்லை, கரண்டு போய்விட்டது. மைக்கு நின்றது, விசிறி நின்றது, எங்கள் காற்றாடியும் நின்றது. சபை சிரித்த சிரிப்பில் எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஜெபசீலன் எழுந்துபோய்க் கடல்பக்கத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டான். தலைவர் பேசிய பேச்சில் உச்சிப்பொழுது ஆகியிருந்தது, கடல்காற்று கிளம்புகிற நேரம். வந்தது பாருங்கள் காற்று! தோரணம் போச்சு, தலைவரின் பேச்சுக் காகிதம் போச்சு, செயலாளர் தலையில் ஒட்டவைத்து வாரியிருந்த நாலு முடியும் எழுந்து நின்றது. காற்றாடி கிறுகிறுவென்று சுற்றி அண்டாத் தண்ணீரை அள்ளித் தலைவர் வேட்டியில் ஊற்றிற்று. சிரித்த சபை எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அதன்பிறகு பெயர் வாசித்தார்கள். என் பெயர் மட்டும். நான் மேடையில் சிங்கம்போல் நின்றேன். சபைக்கூச்சம் என்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஆனாலும், ‘ஜெபசீலன் வராமல் கேடயத்தைத் தொடமாட்டேன்’ என்று சொல்லிவிட்டேன். அவன் மாட்டேன் என்றான். நான் எட்டி அவன் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். வந்து பக்கத்தில் நின்று என் தோளில் கை போட்டான். போட்டோக்காரர் தனராஜ் பளிச்சென்று எடுத்தார். அந்தப் படத்தைத்தான் ஐயா தாங்கள் நறுக்கிவிட்டீர்கள்.

பத்திரிகை வந்ததும் தங்கத்தாய் பார்த்தாள். ‘தைலக்காரி முடியை நல்லாத்தான் வளத்திருக்கா. கையை மட்டும் எதுக்கு உங்க தோளுல போட்டிருக்கா?’ என்றாள். அன்றைக்கு எனக்கு வெறும் ரசம். அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, ‘ஏளா தங்கம், இது மனுசக் கையே இல்ல. உன் வீட்டுக்காரரை இசக்கியம்மன்லா தட்டிக் குடுக்கா!’ என்று அந்தக் கைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டாள். ‘அம்மனுக்கு ஏதுக்கா வாட்சு?’ என்று கேட்டேன். ‘அவளும் நேரங்காலம் பாக்க வேண்டாமா?’ என்றாள். கடைத்தெருவுக்குப் போனால் ஆவுடையப்பன் அண்ணாச்சி, ‘படம் நல்லாருக்கு வே. போலீசுக்காரன் தோளைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறாப்புல இருக்கு’ என்கிறார். இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் ஐயா.

தாங்க முடியாதது சனிக்கிழமை நடந்தது. ஜெபசீலன் பட்டறைக்கு வந்தான். வேலையாட்கள் இருந்தார்கள். ‘வாழ்த்துகள். படம் நல்லா வந்திருக்கு. நீங்க தெளிவாத் தெரியுதீங்க’ என்றான். நீங்க! பாய்த்துணிக் குடோனில் தொடங்கி அதற்கு முந்தின நாள்வரைக்கும் என்னை ஏலே என்பதைத் தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டு அறியாதவன். என் மாமனார் பக்கத்தில் இருக்கும்போதே, ‘ஏலே, பாயாசத்தைச் சட்டையில ஊத்தாமக் குடில’ என்றவன். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மரியாதை கொடுத்துவிட்டானே, பாவி! ‘நீங்க அந்த ஸ்பேனரை எடுங்க’, ‘நீங்க சாப்பிட்டாச்சா’ என்று அன்று முழுக்க நீங்கதான். நெருஞ்சி முள் மாதிரி அது எனக்குள் குத்திக்கொண்டே கிடக்கிறது.

அதோடும் போகவில்லை. அவன் மனைவி கிரேசியின் அண்ணன் ஏசுவடியான் நாசரேத்தில் டீசல் மெஷின் ஏஜென்சி எடுத்திருக்கிறார். அதை வந்து நடத்தும்படி ஜெபசீலனைக் கூப்பிடுகிறாராம். வருகிற சனிக்கிழமை நேரில் வாராராம். டீசல் மெஷின் ஐயா, எங்கள் காற்றாடிக்கு ஜென்மப் பகை! இதை ஜெபசீலன் என்னிடம் சொல்லவில்லை, ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் சொன்னார். நேற்று கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. கிரேசி, ‘வாங்கண்ணாச்சி’ என்று காப்பி கொடுத்தாள். ‘அவன் எதும் சொன்னானா தங்கச்சி?’ என்று கேட்டேன். ‘ஒண்ணுஞ் சொல்லல. அந்தப் படத்தை மட்டும் வெட்டி பைபிளுக்குள்ள வச்சிருக்காவ. அப்பப்ப எடுத்துப் பாத்துத் தனியாச் சிரிச்சுக்கிடுதாவ’ என்றாள். தனியாகச் சிரிக்கிறானாம்! மனசு நொந்தவன்தானே ஐயா தனியாகச் சிரிப்பான்? கேடயத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இன்று காலையில் அது பட்டறை ஆணியில் தொங்குகிறது.

அவன் போனால் தொழில் படுத்துவிடும் என்று நான் அழவில்லை. காற்று இருக்கிறது, பாய் இருக்கிறது, ஆசாரிமார் இருக்கிறார்கள், எப்படியும் ஓடும். என்னை ஏலே என்று கூப்பிட ஆள் இருக்காது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் கடிதாசியில் ‘தம்பி அவர்கட்கு’ என்று எழுதுகிறான். ஊர் அண்ணாச்சி என்கிறது, தாங்கள் தொழிலதிபர் என்று வேறு போட்டுவிட்டீர்கள். உரிமையோடு ஏசுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாமல் ஒரு மனுஷன் கேடயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அதனால் தயவுசெய்து வெள்ளிக்கிழமை இதழில் இப்படிக் கட்டம் கட்டிப் போடவும்: ‘சென்ற இதழில் திரு. செந்தூர்பாண்டியின் தோளில் காணப்பட்ட கை, காற்றாலையை உருவாக்கியவரும் சரிபாதிப் பங்குதாரருமான திரு. ஜெபசீலன் அவர்களுடையது. விருதும் அவருடையதே.’ பக்கத்தில் தைல விளம்பரம் மட்டும் வேண்டாம். இனியும் ரசம் குடிக்க என்னால் ஆகாது.

கடலில் உப்பு இருக்கும் காலமெல்லாம் தங்கள் பத்திரிகை தழைக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம். அச்சுக்கோர்க்கிறவர்களுக்கு அன்பைச் சொல்லவும். கத்தரிக்கோல் வைத்திருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்லவும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சொ. செந்தூர்பாண்டி

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதிய எதையும் போடவேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது ஜெபசீலன் வந்து கடிதத்தைப் பிடுங்கி வாசித்துவிட்டான். வாத்தியார் புத்தி போகுமா, சிவப்பு மையில் பிழைவேறு திருத்தினான். டீசல் ஏஜென்சிக்கு மாட்டேன் என்று கேட்ட அன்றைக்கே சொல்லிவிட்டானாம். சனிக்கிழமை ஏசுவடியான் வருவது எங்கள் காற்றாடியையும் அவர் கடையில் வைத்து விற்கலாமா என்று கேட்கவாம். ‘பெறகு என்னத்துக்குல நீங்கன்னு சொன்ன?’ என்று கேட்டேன். ‘விருது வாங்குன ஆளாச்சே, வேலைக்காரங்க முன்னால ஏலேன்னு கூப்பிட்டா ஒனக்குக் கொறச்சலா இருக்குமேன்னு நெனச்சேன்ல’ என்றான். ‘தனியா எதுக்குச் சிரிச்ச?’ என்றேன். ‘ஏலே, கூறுகெட்டவனே, சிங்கம்போல நின்னேன்னு எழுதியிருக்கியே, வெக்கமா இல்ல? பேரை வாசிச்சதும் ஒன் காலு ரெண்டும் கெடந்து நடுங்கிச்சு. புடிக்க ஆளில்லாமல்லா என் கையைப் புடிச்சு இழுத்த? நான் தோளை விட்டிருந்தா மாலையும் கேடயமுமா தலைவர் மடியிலல்லா விழுந்திருப்ப. அதை நெனச்சுத்தாம்ல சிரிச்சேன்’ என்றான்.

அது உண்மைதான் ஐயா. அவன் விட்டிருந்தால் விழுந்திருப்பேன். ஆகவே அந்தக் கை யாருடையது என்று போடவேண்டாம். போட்டால், அது எதற்காக அங்கே வந்தது என்றும் ஊர் கேட்கும். இசக்கியம்மன் கை என்றே இருந்துவிட்டுப் போகட்டும், குருவானவர் காதில் விழாமல் தான் பார்த்துக்கொள்வதாக ஜெபசீலனும் சொல்லிவிட்டான். படத்தை நறுக்கியதில் இப்போது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கையை மட்டும் வெட்டாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி.