மாப்பிள்ளைக்கு, தக்காளிச் செடி விஷயமாக

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் உங்கள் வீட்டில் இப்போது சமைப்பது நீங்களே என்பதால் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. போனில் பேசியிருக்கலாம். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று கிசுகிசுத்தாலும் சமையலறை வரை கேட்கும். அதனால்தான் கடிதம். இதை எழுதுவது என் மகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

விஷயம் தக்காளி. உங்களோடு மனஸ்தாபப்பட்டு அவள் இங்கே வந்து இறங்கியபோது தோளில் ஒரே ஒரு பைதான் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிரே வந்தது. பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் நான், பையைப் பார்த்தே ஆள் எப்போது திரும்புவார் என்று சொல்லிவிடுவேன். இது வாரக் கடைசிப் பை என்று அவள் அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். வாரக் கடைசி வந்தது, இவள் கடைக்குப் போய்ப் பெரிய பெரிய மண்தொட்டிகளும் ஒரு மூட்டை மண்ணும் தக்காளி விதையும் வாங்கி வந்து பால்கனியில் பரப்பிவிட்டாள். துணி காயப்போடக்கூட இடமில்லை. விதை உறையைத் திருப்பிப் படித்தேன், காய் பறிக்க மாதக்கணக்கில் ஆகும் என்று போட்டிருந்தது. கீரை விதைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கிளம்புகிற எண்ணம் இருக்கிறவள் யாராவது தக்காளி போடுவாளா? மாங்கன்று நடவில்லையே, அதற்குச் சந்தோஷப்படுங்கள் என்றாள் அவள் அம்மா. அவள் ஆறுதல் சொல்வது எப்போதும் இப்படித்தான்.

சரி, சீக்கிரம் காய்த்தால் சீக்கிரம் கிளம்புவாள் என்று நானே களத்தில் இறங்கினேன். செடி வளர்த்துப் பழக்கமில்லை, ஆனால் தாமதமாக வரும் வண்டியை விரட்டிப் பழக்கம் உண்டு. அவள் வேலைக்குப் போனதும் தொட்டிகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, காலை வெயிலுக்குப் பால்கனி, மத்தியான வெயிலுக்குக் கூடத்து ஜன்னல், சாயங்காலம் மறுபடி பால்கனி என்று மூன்று ஷிப்ட் ஓட்டினேன். இடுப்பு போய்விட்டது. கொதித்த டீத்தூள், முட்டை ஓடு, கடைக்காரர் கொடுத்த உரம் எல்லாம் கைக்கு வந்தபடி போட்டேன். செடி என்னவோ தளதளவென்று என் தோள் உயரத்துக்கு வந்தது, பூவைத்தான் காணோம். மாடி வீட்டு நர்ஸம்மா எட்டிப் பார்த்து, உரம் அதிகமானால் இப்படித்தான் வெறும் இலையாக வளரும் என்றார். நான் துரத்தத் துரத்த அது தள்ளிப் போயிருக்கிறது பாருங்கள்.

உரத்தை நிறுத்தியபிறகு ஒருவழியாகப் பூத்தது. பூவை லேசாக அதிரவைத்தால் காய் பிடிக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டேன். வீட்டில் அதிர்கிற சாமான் என்று பார்த்தால் என் ஷேவிங் மெஷின் ஒன்றுதான். அதைக் காம்பில் வைத்துக்கொண்டிருந்தபோது கை வழுக்கி, ஒரு கொத்துப் பூ சுத்தமாக மழிக்கப்பட்டுக் கீழே விழுந்தது. நிமிர்ந்தால் பின்னால் அவள் நிற்கிறாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து அந்தப் பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எதுக்குப்பா அவசரம், நான் இருக்கறது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள். இல்லம்மா என்று சொல்லி மெஷினை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவள் காலையில் கொஞ்ச நேரம் அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள். வந்த புதிதில் முகம் இறுகிக் கிடந்தது. இப்போது அப்படி இல்லை. நானும் டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். இது எனக்குப் பிடித்திருக்கிறது, பிடித்திருக்கிறதே என்று பயமாகவும் இருக்கிறது.

சண்டை எதனால் என்று அவள் அம்மா மூலமாகத்தான் தெரியும். இவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி, புதுக் கிளையை இவள் பொறுப்பில் விடலாமென்று போன் செய்திருக்கிறார். இவள் குளித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எடுத்து, அதெல்லாம் அவளுக்குச் சரிப்பட்டு வராது சார் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அலைச்சல் வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள், எனக்குப் புரியாதா? நான் அவளைப் பெற்றவன், அவள் மனசு எனக்குத் தெரியும். கோபமெல்லாம் ஆறிவிட்டது. உங்கள்மேல் வருத்தம் துளிக்கூட இல்லை. அந்தக் கிளைப் பொறுப்பும் அவளுக்கு வேண்டாம். வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேன் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். செடியோடு அவளையும் ஏற்றி அனுப்பிவைக்கிறேன். தொட்டி நிற்கிறமாதிரி வேன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கவர் ஒட்டப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் அவள் வந்து கடிதத்தைப் படித்துவிட்டாள். முழுசாக, நின்றபடியே. ஷேவிங் மெஷின் இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "வேண்டாம்னு நான் எப்பப்பா சொன்னேன்? அவரும் கேக்கல, நீங்களும் கேக்கல" என்றாள். உங்களைப் பற்றி எழுதி அடுத்த வரியிலேயே அதையே நானும் செய்திருக்கிறேன், பேனா ஓடின வேகத்தில் உறைக்கவே இல்லை. ஆகவே மேலே கண்டதெல்லாம் ரத்து. கோபம் ஆறவில்லையாம். கிளைப் பொறுப்பு வேண்டுமாம், நேற்றே முதலாளியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டாளாம். உங்களிடம் திரும்பி வருவாளா என்றும் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். யோசிக்கிறேன் என்றாள். வேன் வேண்டாம். அவளுக்கு போன் பண்ணுங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவள் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுப்பாள் மாப்பிள்ளை, நடுவில் பேசிவிடாதீர்கள்.