ரிவர்ஸ் ஹாரனில் ஒரு துப்பட்டா

சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருக்கிறது என்பது அந்த ஷெட்டில் துளசிராமன் ஒருவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"யோவ் துளசி! பின்னாடி வண்டி!" என்று சேஃப்டி ஆபீசர் ஸ்டீவன் தொண்டை கிழியக் கத்தினான்.

துளசிராமன் காதிலிருந்து செல்போனை எடுக்காமலே திரும்பிப் பார்த்தான். "ஊட்ல பேசிக்கினு கீறேன் சார்" என்றான்.

டிரைவர் லோகு பிரேக்கை மிதித்தான். துளசிராமனுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் பாக்கியிருந்தது. இதை மாடியில் கண்ணாடி அறையிலிருந்து பிளான்ட் மேனேஜர் அருணாச்சலம் பார்த்துவிட்டார். அதுதான் ஸ்டீவனுடைய கஷ்ட காலம்.

"வண்டி பின்னால வரும்போது பீப் பீப்னு அடிக்குதே, அது எதுக்கு?" என்று அவர் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆளுங்க ஒதுங்கறதுக்கு சார்."

"எவனாவது ஒதுங்குறானா?"

"காலைல ஆறு மணிலேந்து அடிச்சிக்கினே கீது சார். காது பழகிப்போச்சு."

"சனிக்கிழமை புனேலேர்ந்து கஸ்டமர் ஆடிட் வருது. வண்டி வரும்போது ஒருத்தன் நடுவுல நின்னாலும் ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா முதல்ல போறது நீங்க. உங்க வேலையைப் பர்மனென்ட் பண்ற லெட்டர் என் டிராயர்லதான் தூங்குது. அதை எழுப்புறதும் கிழிக்கிறதும் உங்க கையில."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகம் செய்யும் அந்தக் கம்பெனி, ஸ்டீவனுக்கு ஐந்தாவது கம்பெனி. வயது முப்பத்தெட்டு. இந்த வேலையும் போனால் வீட்டில் மனைவி மெர்சியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், சொன்னால் சிரிக்கக் கூடாது, ஸ்டீவன் ஒரு பாப் ஸ்டார். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தான். சர்ச் பாடகர் குழுவில் கிடைத்த கைதட்டலை நம்பி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு பாட்டு எழுதிப் பாடினான். பழவேற்காட்டுக் கரையில், மே மாத வெயிலில், கறுப்புக் கோட்டும் கூலிங் கிளாஸும் போட்டு வீடியோ எடுத்தான்.

'உப்புக் காத்துல உன் துப்பட்டா பறக்குது, என் உசுரு அதுல கிளிப்பு மாட்டித் தொங்குது' என்று ஆரம்பிக்கும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதில் முந்நூறு பேர் ஸ்டீவன். பிறகு கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டதோடு கலைவாழ்க்கை முடிந்தது. ஒரு வியாதி மட்டும் போகவில்லை. எந்தப் பென் டிரைவ் கையில் கிடைத்தாலும் அதன் ஓரத்தில் தன் பாட்டை ஏற்றி வைத்துவிடுவான். யார் கையிலாவது சிக்கி, யார் காதிலாவது விழுந்து, உலகம் விழித்துக்கொள்ளும் என்று ஒரு நப்பாசை.

ஆக, பாட்டைப் பற்றி யோசிக்க அந்தக் கம்பெனியில் அவனை விட்டால் ஆளில்லை. பீப் சத்தத்துக்குப் பதில் பாட்டு ஒலிக்கும் ஹாரன் பெட்டியை வாங்கி வந்து வண்டியில் மாட்டினான். பென் டிரைவைச் செருகி ரிவர்ஸ் கியர் போட்டால் பாட்டு வரும்.

செவ்வாய்க்கிழமை, அந்த வருஷம் ஊரையே ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பாப் ஸ்டாரின் பாட்டை ஏற்றினான்.

"ஹிட்டு பாட்டுன்னா இன்னா தெரியுமா லோகு? கேட்டவுடனே ஒடம்பு அசையணும். அசைஞ்சா ஆளு ஒதுங்கிடுவான்."

"சரி சார்" என்றான் லோகு. லோகு பேசுவதே அவ்வளவுதான். கல்யாணத்தன்றும் ஐயரிடம் அதைத்தான் சொல்லியிருப்பான்.

உடம்பு அசையத்தான் அசைந்தது. பதினோரு பேர் வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டி, இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தன் முன்னால் போய்ப் படம் பிடித்தான்.

மாடியிலிருந்து போன் வந்தது. "அங்க என்ன, மாப்பிள்ளை அழைப்பா?"

புதன்கிழமை ஸ்டீவன் ரூட்டை மாற்றினான். புது ஹிட் மூன்று மாதத்தில் செத்துவிடும், அதற்கு மரியாதை கிடையாது, பதினைந்து வருஷமாக நிற்கிற பாட்டுக்குத்தான் கம்பீரம் என்று லோகுவுக்கு விளக்கினான். "இதுக்கு எவனும் ஆட மாட்டான், பாரு."

"சரி சார்."

ஆடவில்லை. நின்றார்கள். அவனவன் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டான். துளசிராமன் வண்டிப் பாதையின் நடுவில் கண்கலங்கி நின்றான்.

"யோவ், நவுரு!"

"ஐ.டி.ஐ. படிக்கும்போது பானு இதைத்தான் சார் காலர் டியூனா வச்சிருந்துச்சி."

"எந்த பானு?"

"இப்ப வேற ஒருத்தன் பொண்டாட்டி சார். பாட்டு முடியட்டும், நவுந்துக்கிறேன். அதுக்குள்ள வண்டி ஏத்துறதுன்னா ஏத்திக்கோ, எனக்கு இன்னா இருக்குது."

போன் அடித்தது. "யாருக்கு மௌன அஞ்சலி?"

ஸ்டீவன் கேன்டீனில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கேன்டீன் பூவம்மாள் டீயை வைத்துவிட்டு யோசனையும் சொன்னாள்.

"இதுக்கா நைனா இவ்ளோ பேஜாரு? பெரியபாளையத்தா பாட்ட போடு. ஆத்தா வரான்னா வழி உடாம இருப்பாங்களா?"

ஸ்டீவனுக்கும் அது சரியாகப் பட்டது. வியாழக்கிழமை அம்மன் பாட்டோடு வண்டி பின்னோக்கிக் கிளம்பியது. ஷெட்டே பயபக்தியோடு சேஃப்டி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பாதையின் நடுவில் கைகூப்பி நின்றது. அதைக்கூட ஸ்டீவன் தாங்கிக்கொண்டிருப்பான். யோசனை சொன்ன பூவம்மாளே கற்பூரத் தட்டோடு ஓடி வந்து, ஆயில் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று வண்டிக்கு ஆரத்தி எடுத்தாள்.

இந்தத் தடவை போன் வரவில்லை. அருணாச்சலமே படியிறங்கி வந்தார்.

"நாலு நாளைக்கு முன்னால வண்டி வந்தா ஆளுங்க ஒதுங்கல. இப்ப ஒதுங்காததோட, ஷூவும் இல்ல, நெருப்பும் வச்சிட்டாங்க. இன்னும் ஒரு நாள் இருக்கு ஸ்டீவன். உங்க திறமைக்கு மிச்சத்தையும் முடிச்சிடலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டீவனுக்கு நாஷ்டா இறங்கவில்லை. மெர்சி இட்லித் தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, இன்னுமா ஒரு பாட்டு கெடைக்கல?"

"ஆட வைக்கிற பாட்டு கெடைக்குது, அழ வைக்கிற பாட்டு கெடைக்குது. ஆளைத் தள்ளி உடுற பாட்டுதான் இல்ல."

"அதான் நீயே ஒண்ணு பாடி வச்சிருக்கியே" என்று மெர்சி சிரித்தாள். ஸ்டீவன் ரோஷத்தோடு எழுந்து கை கழுவினான்.

இனிப் பாட்டே வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு சைரன் சத்தத்தைப் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோனான். லோகு ரிவர்ஸ் கியர் போட்டான். சைரன் வரவில்லை. பென் டிரைவின் ஓரத்தில் பதுங்கியிருந்த பழைய வியாதி, ஷெட் முழுக்க எதிரொலித்தது.

'உப்புக் காத்துல உன் துப்பட்டா பறக்குது...'

பாய்ந்து போய் நிறுத்த வேண்டும் என்று ஸ்டீவனின் புத்தி சொன்னது. கால்கள் அவனை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தின. காதைப் பொத்திக்கொண்டு இருபது வரை எண்ணினான். வெளியே ஒரே கூச்சல். கல்லெறிகிறார்களோ என்னவோ என்று மெதுவாகக் கதவைத் திறந்து பார்த்தான்.

பாதையில் ஈ, காக்கை இல்லை. நாற்பது பேரும் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். துளசிராமன் ரேக்கின் இரண்டாவது தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். அவன் போன் தரையில் கிடந்து 'ஹலோ, ஹலோ' என்றது.

மாடியில் அருணாச்சலம் எழுந்து நின்று கைதட்டினார். போன் வந்தது.

"சபாஷ்! யார் பாடினது இது?"

"யாரோ சார். பேர் தெரியல."

"எந்தப் புண்ணியவானோ! என்ன ஒரு கர்ண கொடூரம்! நாளைக்கும் இதையே போடுங்க."

இயேசுவைத் தெரியாதென்று பேதுருவே மூன்று தடவைதான் மறுதலித்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டீவன் ஏழு தடவை மறுதலித்திருந்தான். லோகுகூட வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்து, "யாரு சார் பாடினது?" என்று கேட்டான். "தெரியாதுப்பா, எவனோ வேலையில்லாதவன்" என்று அவனிடமும் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை ஆடிட் அமோகமாக நடந்தது. புனேக்காரர் மேனேஜரோடு கண்ணாடி அறையில் நின்றார். மேலிருந்து பார்த்தால் வண்டியின் தகரக் கூரையும் நாலாபக்கமும் சிதறி ஓடும் ஜனங்களும் தெரிந்தார்கள். இப்படி ஒரு ஒழுங்கை இந்தியாவில் பார்த்ததில்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டீவன் வழக்கம்போல ஸ்டோர் ரூமில் இருந்தான்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாளைக்கு நூறு தடவை துப்பட்டா பறந்தது. புதிதாகச் சேருகிறவனுக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்னால் அந்தப் பாட்டுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். லோகுவுக்குப் பாதுகாப்பு உணர்ச்சி பொங்கிவிட்டது போலிருக்கிறது. நேராகப் போக வேண்டிய இடத்துக்கும் ரிவர்ஸிலேயே போனான்.

ஸ்டீவனுக்கோ தினம் நூறு செருப்படி. ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து, நட்டு போல்ட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தத்துவம் கண்டுபிடித்தான். ஊரே ஆடிய பாட்டு இரண்டு மாதத்திலேயே தேய்ந்துபோயிற்று. காலத்தை வென்ற பாட்டு நாலு பேரின் பழைய காதலைக் கிளறிவிட்டு ஓய்ந்தது. தன் பாட்டு ஒன்றுதான் தினமும், தவறாமல், நாற்பது பேரை எழுப்பி ஓட விடுகிறது. காலம் கடந்து நிற்பது என்றால் இதுதான் போலிருக்கிறது.

"பன்னெண்டு வருசம் கழிச்சி உன் பாட்டுக்குக் கூட்டம் வந்துகீது. ஓடுற கூட்டம்னா இன்னா, கூட்டம் கூட்டம்தான்" என்று மெர்சி தேற்றினாள். தேற்றியவள் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

இந்த நேரத்தில் அருணாச்சலம் மறுபடி கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"பக்கத்துக் கம்பெனிக்காரன் நம்ம பாட்டை வாங்கிட்டுப் போய்ப் போட்டான். ஒருத்தன் நகரல. ரேடியோவான்னு கேட்டாங்களாம். திங்கட்கிழமை சிப்காட் மேனேஜர்கள் மீட்டிங்ல இதை நம்ம கண்டுபிடிப்புன்னு நான் பேசப் போறேன். அந்தப் பாட்டுல என்ன இருக்கு, அது ஏன் இங்க மட்டும் வேலை செய்யுது? நம்ம ஆளுங்களைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. சொன்னா லெட்டர்ல கையெழுத்து. இல்லன்னா, நான் அங்க அசிங்கப்படுற அன்னைக்கே நீங்க கிளம்பலாம்."

படியிறங்கும்போது ஸ்டீவனுக்கு வேலை போகும் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. பக்கத்துக் கம்பெனியில் யாரும் ஓடவில்லையாமே! அப்படியானால் பாட்டு அவ்வளவு மோசமில்லையோ? பன்னிரண்டு வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்வி. அதை இப்போது வேலைக்காகக் கேட்டே ஆக வேண்டும்.

டீ நேரம் முடிந்து கேன்டீன் காலியாக இருந்தது. பூவம்மாள் டபரா கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா உண்மைய சொல்லணும்."

"கேளு நைனா."

"அந்தத் துப்பட்டா பாட்டு என்னோடது. நான்தான் எழுதினேன், நான்தான் பாடினேன்."

பூவம்மாள் டபராவைக் கீழே போட்டாள். "அய்ய! நீயா?"

"நான்தான். ரெண்டு மாசமா எல்லாரும் தெறிச்சி ஓடுறீங்க. பார்க்க முடியாம நான் ஸ்டோர்ல போயி ஒளிஞ்சிக்கினு கீறேன். பக்கத்துக் கம்பெனில ஒருத்தன்கூட ஓடலியாம். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் அதுல இன்னாதான் புடிக்கல? குரலா, டியூனா, வார்த்தையா? எதுவா இருந்தாலும் சொல்லு, தாங்கிக்கிறேன்."

பூவம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பாட்டுல இன்னா நைனா கொறை? அது வந்தா நம்ம லோகு ஸ்டீரிங்க உட்டுட்டு, ரெண்டு கையையும் நெஞ்சுல வச்சிக்கினு கண்ணை மூடிக்கிறான், பின்ன ஓடாம இன்னா பண்ண சொல்ற?"